துருவி வாங்காத டேப்லெட்

அலுவலகத்தில் அவருக்குத் துருவி என்று பெயர். சமையலறைத் துருவியைப் போல, எதை வைத்தாலும் அடிவரை சுரண்டாமல் விடமாட்டார் என்று யாரோ சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிடுவது அவர் வேலை. வண்டிக்காரர் சொல்லும் கதையும் வண்டியில் இருக்கும் பள்ளமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ஒருமுறை, பின்னால் வந்த பஸ் இடித்துவிட்டது என்று ஒருவர் கண் கலங்கச் சொன்னார். துருவி குனிந்து, பள்ளத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பஸ்ஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் எப்பலேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

அந்த ஆள் அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

இப்படிப் பொய்யிலேயே புழங்கியவருக்கு, வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுகிற மாதிரி சந்தேகத்தைக் கழற்றத் தெரியவில்லை. குழாய் பழுதுபார்க்க வந்தவர் பழைய வாஷரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தொலைபேசியில் யாராவது "வாழ்த்துகள் சார்" என்று ஆரம்பித்தால் போதும், "எதுக்கு?" என்பார். "இவர் நிழல்கூட இவர்கிட்ட அடையாளம் சொல்லிட்டுத்தான் பின்னாடி வரும்" என்று அவர் மனைவி சொல்வாள்.

மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லாண்டரிக்கு அவள் பொறுப்பாளர். கட்டடத்தின் அடித்தளத்தில், ஆள் உயர மெஷின்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருக்கும் இடம் அது. படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் அங்கிகளும் மலைமலையாக வந்து இறங்கும். அத்தனை இரைச்சலுக்கும் மேலே அவள் குரல் போகும். "மூணாவது மெஷினை நிறுத்து!" என்றால் அந்தக் கடைசியில் இருப்பவர் கை தானாக நிறுத்தும். அதனால் அங்கே அவள் பெயர் சைரன். நேரில் கூப்பிடும்போது மட்டும் அக்கா.

அந்தக் குரல்தான் முதலில் கம்மியது. சளி என்றார்கள், தூசி என்றார்கள். கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது துருவி நம்பவில்லை. இன்னொரு டாக்டரிடம் போனார். அவரையும் நம்பாமல் மற்றொருவரிடம் போனார். எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்ன பிறகு, எல்லோரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

உயிர் பிழைத்தாள். குரல் போய்விட்டது.

புண் ஆறி வருகிற சமயம், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி அவர்களை உட்காரவைத்து விளக்கினாள். தொண்டையில் வைத்துப் பேசும் கருவிகள் உண்டு, அதற்கு இன்னும் நாளாகும், பழக வேண்டும். "அதுவரைக்கும் நான் எல்லாருக்கும் சொல்றது, ஒரு நல்ல டேப்லெட். உடனே பலன் தெரியும்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் துருவி.

சைரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. மாத்திரை இல்லை, கையில் வைத்துத் தட்டச்சு செய்தால் எழுதியதைப் படித்துக் காட்டும் கணினிப் பலகை என்று அந்தப் பெண் புரியவைத்தாள். போனிலும் அதைச் செய்யலாம். ஆனால் போனின் சத்தம் லாண்டரியில் கொசு முனகுகிற மாதிரிதான். எழுத்துகளும் பொடிசு.

சைரன் தாளை இழுத்து எழுதினாள்: "எனக்கு வேலைக்குத் திரும்பணும்."

தாளை வைத்துக்கொண்டு லாண்டரியில் காலம் தள்ள முடியாது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். கை எப்போதும் ஈரம். காகிதம் நமுத்துப்போகும். எழுதி முடிப்பதற்குள் மெஷின் பொங்கி வழிந்துவிடும்.

அந்த வாரச் சனிக்கிழமையே கடைக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கடை. சட்டையில் பெயர்ப்பட்டை குத்திய விற்பனையாளர் ஓடிவந்தார்.

"இதுல சினிமா பார்த்தா தியேட்டர்ல உட்கார்ந்த மாதிரியே இருக்கும் சார்."

"சினிமா பார்க்கணும்னு யார் சொன்னா?"

"அப்ப கேம்ஸ்? படம் வரையணுமா? பேனாவும் கூடவே தர்றோம்."

"பேனா எங்க வீட்லயே இருக்கு. பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?"

"நாள் முழுக்க வரும் சார்."

"யாரோட நாள்?"

விற்பனையாளர் விழித்தார். துருவி விடவில்லை. வெளிச்சத்தைக் கூட்டி வைத்தாலும் வருமா, ஒரு வருஷம் கழித்தும் வருமா, நாள் முழுக்க என்பதை எழுதிக் கொடுப்பீர்களா என்று அடுக்கிக்கொண்டே போனார். மேலாளரைக் கூப்பிட்டார்கள். இதற்கிடையில் சைரன் மேசையில் இருந்த டேப்லெட்டைத் தொட விரலை நீட்டினாள். துருவி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதே. தொட்டா ஆசைப்பட்டுட்டோம்னு கண்டுபிடிச்சு தலையில கட்டிருவான்."

அடுத்தது ஒரு சின்னக் கடை. அங்கே துருவியின் கை ஓங்கியது. பெட்டியின் முத்திரையை நகத்தால் நெருடியதுமே, அது இரண்டாம் தடவை ஒட்டியது என்று தெரிந்துவிட்டது. பிரிக்கச் சொன்னார். சார்ஜர் செருகும் துளையைச் சுற்றிக் கீறல். படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தால், யாரோ ஒருவருடைய கால் கட்டைவிரல் படம் பெரிதாக வந்து நின்றது.

"புது டேப்லெட்டோட கட்டைவிரலும் இலவசமா?" என்று கடை அதிரக் கேட்டார். கூட்டம் கூடியது. கடைக்காரர் கையைப் பிசைந்தார். துருவி வெற்றியோடு வெளியே வந்து பார்த்தால், சைரன் தெருக்கோடியில் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "பார்த்தியா? நான் மட்டும் இல்லேன்னா இந்நேரம் ஏமாந்திருப்போம்" என்றார்.

அவள் தாளில் எழுதினாள்: "டேப் எங்கே?"

அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்து, வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். அதிலும் நிம்மதியில்லை. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவன் கடைக்காரனுக்குச் சொந்தக்காரன், ஒரு நட்சத்திரம் கொடுத்தவன் எதிர்க்கடைக்காரன், மூன்று கொடுத்தவன் ஒன்றும் தெரியாதவன் என்று தீர்ப்புச் சொல்லி, யாரையும் நம்பாமல் எழுந்தார். சைரன் தினமும் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். "பார்த்துட்டுத்தான் இருக்கேன், அவசரப்படாதே" என்பார்.

திடீரென்று அவள் புருவத்தை உயர்த்துவதை நிறுத்திவிட்டாள்.

துருவி அதைக் கவனிக்காமல் இருப்பாரா? விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்பதை நிறுத்தினால் அதற்கு என்ன பொருள் என்று அவர் தொழிலில் பார்த்திருக்கிறார். கேட்டது வேறு எங்கோ கிடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இனி அது தேவைப்படாது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது நினைப்பு வந்ததும், ஆஸ்பத்திரி அறிக்கைகளை எடுத்து முதலிலிருந்து படித்தார்.

அதற்கேற்றாற்போல் சைரனின் தங்கை அடிக்கடி வர ஆரம்பித்தாள். அவர் வீட்டில் இருக்கும்போது வருவதில்லை. டம்ளர்கள் இரண்டு கழுவிக் கவிழ்த்திருப்பதைப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடித்தார். ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரமே திரும்பியவர், வாசலில் தங்கையின் செருப்பைக் கண்டார். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தங்கையின் குரல் இல்லை. முன்பின் கேட்டறியாத, படித்த, நிதானமான குரல்.

"அவருக்கு இப்போது தெரிய வேண்டாம். தெரிந்தால் தாங்க மாட்டார்."

துருவி கதவில் காதை வைத்தார். டாக்டரம்மா யாரோ போனில் பேசுகிறார் என்று நினைத்தார். நோய் திரும்ப வந்துவிட்டது. தன்னிடம் மறைக்கிறார்கள். வேறு என்ன?

கதவைத் தட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. எத்தனையோ பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட மனுஷன், சத்தம் போடாமல் மறுபடி வெளியே போய், அப்போதுதான் வருகிறவரைப் போலச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

தங்கை கிளம்பும்போது வாசலில் மடக்கினார். "டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"எனக்கு என்ன மாமா தெரியும்?" என்றாள் அவள், கேள்வி முடிவதற்கு முன்பே. அப்படி வந்து விழும் பதிலுக்கு அவர் அறிக்கையில் எப்போதும் ஒரே அர்த்தம்தான் எழுதுவார்.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சைரன் என்ன என்று கையால் கேட்டாள். "ஒண்ணுமில்லை" என்றார். அவளும் ஒன்றுமில்லை என்பதுபோல் தலையாட்டினாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சைகை காட்டினாள். கூடையை மறந்து, ஒரு துண்டை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கூடை இல்லாமல் எந்த மார்க்கெட்? துருவி அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார். பஸ் நிறுத்தத்தில் தங்கை காத்திருந்தாள். அவளோடு இன்னொரு பெண்மணி, கையில் கனமான பை. மூவரும் பஸ் ஏறினார்கள். அவர் ஒரு ஆட்டோவைப் பிடித்து, அந்த பஸ்ஸை விடாதே என்றார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது.

புற்றுநோய்ப் பிரிவு இடப்பக்கம் இருக்கிறது. அந்த நடைபாதையின் ஒவ்வொரு நாற்காலியும் அவருக்குத் தெரியும். ஆனால் மூன்று பெண்களும் இடப்பக்கம் திரும்பவில்லை. நேராகப் போய், தள்ளுவண்டிகள் இறங்கும் சரிவில் கீழே இறங்கினார்கள். அது லாண்டரிக்குப் போகிற வழி.

துருவி கொஞ்சம் பொறுத்து, தானும் இறங்கினார். சோப்பு வாடையும் சூடும் முகத்தில் அடித்தன. அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து நின்று எட்டிப் பார்த்தார்.

துணி மடிக்கும் நீளமான மேசையில் மூன்று டேப்லெட்கள் வரிசையாக இருந்தன. சைரன் கையை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினாள். துண்டால் லேசாக ஒற்றிக்கொண்டு, முதல் டேப்லெட்டில் தட்டினாள். ஈர விரலுக்கு அது இசைந்து கொடுக்கவில்லை. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தது. அதைத் தள்ளி வைத்தாள். இரண்டாவதைத் தட்டினாள். அதிலிருந்து தேன் ஒழுகுகிற மாதிரி ஒரு குரல் கிளம்பியது. தூரத்தில் உலர்த்தும் மெஷின்களுக்குப் பக்கத்தில் லாண்டரி ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குரல் காதில் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாதிப்பேர் தூக்கினார்கள். மூன்றாவது டேப்லெட் தடியாக, ரப்பர் உறை போட்டு, பார்க்க இட்லித் தட்டு மாதிரி இருந்தது. அதில் தட்டினாள்.

"மூன்றாவது மெஷினை நிறுத்து" என்று ஒரு குரல் அடித்தளம் முழுக்கப் பரவியது. கடைசி ஆள் வரை கை தூக்கினார்கள். ஒருவர் நிஜமாகவே ஓடிப்போய் மெஷினை நிறுத்திவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

துருவிக்கு அந்தக் குரலை அடையாளம் தெரிந்தது. படுக்கையறையில் கேட்ட அதே டாக்டரம்மா.

மூட்டையின் மேல் சாய்ந்திருந்த கை வழுக்கியது. மூட்டை உருண்டது. எல்லோரும் திரும்பினார்கள். சைரனும் திரும்பினாள். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, நிதானமாகத் தட்டினாள்.

"என் பின்னாலேயே வந்தீர்களா?" என்று கேட்டது டேப்லெட்.

அந்தக் கோடியில் நின்றவர்கள் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார்கள்.

துருவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் எப்படி மறைப்பது என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தாங்க மாட்டார்னு கேட்டுச்சு. மறுபடி வந்துருச்சோன்னு நினைச்சேன்" என்றார். இரைச்சலில் அவர் குரல்தான் யாருக்கும் கேட்கவில்லை. கிட்டே வந்து திரும்பச் சொன்னார்.

சைரனின் முகம் மாறியது. இப்படி ஒரு அர்த்தம் அதற்கு இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. தங்கைதான் பதறிக்கொண்டு சொன்னாள்: "ஐயோ மாமா! என்னோட பழைய டேப்லயும் இதே குரல்தான், அதுல அக்கா பேசிப் பழகிட்டிருந்தா. பில் இல்லாம சோதிச்சுப் பார்க்க எடுத்துட்டு வர்றோம்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொன்னா. அவ்வளவுதான்."

"என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே?" என்று சைரன் தட்டினாள்.

"கேட்டா உண்மையைச் சொல்லியிருப்பியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்" என்றது குரல்.

பையோடு வந்த பெண்மணி, தங்கையின் தெருவில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். மூன்றும் அவர் கொண்டுவந்தவை. எந்த இடத்தில் பயன்படப்போகிறதோ அந்த இடத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று சைரன் கேட்டபோது, மற்ற கடைக்காரர்கள் சிரித்தார்களாம். இவர்தான் ஒரு காலை நேரம் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

"இவ்வளவு நல்லவங்களா இருக்கக் காரணம் என்ன?" என்று துருவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வித்தா எனக்கு லாபம் சார்" என்றார் கடைக்காரம்மா. அவர் சொன்னதிலேயே துருவி உடனே நம்பியது அது ஒன்றைத்தான்.

ஆனால் காரியம் முடிந்துவிடவில்லை. சைரனுக்குத் தேன்குரல் டேப்லெட்டின் மேல்தான் மனசு. மெலிசாக இருந்தது, எடை இல்லை. ஒலிபெருக்கி ஒன்று கூடச் சேர்த்துக்கொண்டால் சத்தமும் போதும் என்று கடைக்காரம்மா சொன்னார். துருவி அதைக் கையில் வாங்கினார். எதையாவது சந்தேகப்படாமல் அவரால் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இணைய இணைப்பை அணைத்துவிட்டு, "இப்ப பேசச் சொல்லு" என்றார்.

சைரன் தட்டினாள். சத்தமில்லை. மறுபடி தட்டினாள். எழுத்துகள் திரையில் வாயடைத்து நின்றன. அந்தக் குரல் டேப்லெட்டுக்குள் இல்லை, எங்கோ தூரத்திலிருந்து இணையம் வழியாக வந்துகொண்டிருந்தது. லாண்டரியில் இணையம் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரம்மாவுக்கே அது புதுச்செய்தி. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது டேப்லெட்டிலும் அதையே செய்தார்கள். இணைப்பு இல்லாமலும் அது "மூன்றாவது மெஷினை நிறுத்து" என்றது.

சைரன் கணவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் முகத்தில் இருந்த எரிச்சல் போய், அசடு வழிந்த ஒரு சிரிப்பு வந்தது. துருவிக்கு வாய்வரை ஒரு வார்த்தை வந்தது, நான் மட்டும் இல்லேன்னா என்று. இந்த முறை அதை விழுங்கிவிட்டார்.

அந்தத் தடியையே எடுத்துக்கொள்வது என்று அவள் முடிவு செய்தாள். தோளில் மாட்ட ஒரு பட்டையும் வேண்டும் என்றாள். கடைக்குப் போய்ப் புதுப் பெட்டியைப் பிரிக்கும் முன் துருவி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முத்திரையைச் சைரன்தான் நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். முதலில் கொஞ்ச நாள் கஷ்டம்தான். தட்டுவதற்குள் ஆட்கள் பொறுமை இழந்தார்கள். அடிக்கடி வேண்டிய வாக்கியங்களை அவள் முன்கூட்டியே எழுதிப் பொத்தான்களாக வைத்துக்கொண்டாள். டேப்லெட் பேசும் தமிழ் புத்தகத் தமிழ். "தயவுசெய்து அந்த விரிப்பை உதறுங்கள்" என்று அது மரியாதையாகச் சொல்லும்போது ஆட்களுக்குச் சிரிப்பு வரும். பேச்சு வழக்கில் எழுதிப் பார்த்தாள், அது திக்கித் திணறி உச்சரித்தது. சில எழுத்துகளை வேண்டுமென்றே தப்பாக எழுதினால் சரியாகச் சொல்கிறது என்று கண்டுபிடித்த பிறகு, அந்தக் குரல் மெல்ல மெல்ல அவளைப் போலவே அதட்ட ஆரம்பித்தது.

துருவிக்குத்தான் பழக நாளாயிற்று. ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்திலிருந்து லாண்டரி மேசையில் இருக்கும் போனுக்குக் கூப்பிட்டார். அந்தக் குரல் "ஹலோ" என்றது.

"யார் பேசறது?" என்றார்.

"நான்தான்."

"நீதான்னு நான் எப்படி நம்பறது? அந்தப் பலகையை யார் வேணாலும் தட்டலாமே?"

எதிர்ப்பக்கம் மெஷின்களின் உறுமல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"வலது கால் சாக்ஸை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க" என்றது குரல். "காலையிலயே பார்த்தேன். சொல்றதுக்குள்ள பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க."

துருவி நாற்காலியைப் பின்னால் தள்ளி, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே ஷூவைக் கழற்றினார்.